முன்பணம் வாங்கின தியேட்டர்

காஞ்சிபுரத்துல உட்கார்ந்து சினிமா டிக்கெட் ஆப் பத்திப் பேசறதுக்குக் காரணம் இருக்கு. முன்பணம்னா என்னன்னு இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டாம்.

டிக்கெட்நியூ 2007-ல சென்னையில ஆரம்பிச்ச கம்பெனி. 2017-ல சீனாவோட அலிபாபா பிக்சர்ஸ் பெரும்பங்கை வாங்கிச்சு. 2018-ல பேடிஎம். 2024 ஆகஸ்ட்டில் சொமேட்டோ. இன்சைடரையும் சேர்த்து விலை 2,048 கோடி ரூபாய். இப்போ அந்த ஆப் பேரு டிஸ்ட்ரிக்ட். எதிர்ல பெரிசா நிக்கறது புக்மைஷோ.

2022 ஜூன்ல இந்தியப் போட்டி ஆணையம் புக்மைஷோ மேல விசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு. புகார் கொடுத்தவர் சொந்தமா ஒரு டிக்கெட் தளம் தொடங்கினவர். தியேட்டருக்கு முன்பணம் கொடுத்து, எங்க வழியா மட்டும் விக்கணும்னு ஒப்பந்தம் போடறாங்க, புதுசா வர்றவங்களுக்கு விக்க சீட்டே இல்லைங்கறது குற்றச்சாட்டு. விசாரணை உத்தரவுதான், தீர்ப்பு இல்லை.

தறிக்காரருக்கு இது உடனே புரியும். முதலாளிகிட்ட முன்பணம் வாங்கிட்டா சேலை அவருக்குத்தான், கூலியும் அவர் சொல்றதுதான். கூட்டுறவு சங்கம் எல்லாத்தையும் சரி பண்ணிடலை. ஆனா இன்னொரு வாசல்னு ஒண்ணு இருந்துச்சு.

ஒரு வித்தியாசம். முன்பணத்தோட சுமை அங்க நெசவாளர் தலையில. இங்க ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ கட்டறது நாம. தியேட்டர்காரருக்குக் கைக்காசு போகலை, அதனால சண்டை போட அவசரமும் இல்லை. ரெண்டு ஆப் இருந்தும் கட்டணம் இறங்காததுக்கு இதைத்தான் நான் காரணமா நினைக்கிறேன். கவுன்டர்ல வாங்கினா அந்தக் கட்டணம் கிடையாது. பெரிய படம் முதல் நாள்னா, கவுன்டர்ல டிக்கெட்டே கிடையாது.