யாரூட்டு அம்மா இது?

(இரவுப் பள்ளித் தொண்டர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, பெரிய தத்துவமெல்லாம் பேச வரல. சின்னப் புள்ளைங்களுக்குப் படப் புத்தகம் வச்சுப் பாட்டு சொல்றதப் பத்தித்தான் பேசப் போறேன். இதுலயும் அரசியல் இருக்கு.

எங்க சேரி இரவுப் பள்ளியில் ஒருநாள் அம்மாவைப் பற்றிய பாட்டு ஒன்றை வாசித்தேன். படத்தில் செவசெவன்னு ஒரு அம்மா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, மொட்டை மாடி, கையில வெள்ளிக் கிண்ணம். அஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி படத்து மேல விரலை வச்சு, "யாரூட்டு அம்மா இது?"ன்னு கேட்டா. அவ அம்மா அப்பத்தான் கழனியிலேர்ந்து வந்து கால் கழுவிக்கிட்டிருந்தாங்க. நான் பதில் சொல்லாமப் பக்கத்தைப் புரட்டிட்டேன். தப்பு.

அமெரிக்காவிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. நியூயார்க் மழலையர் பள்ளியொன்றில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, படத்துல எப்பவும் வெள்ளைக்காரப் புள்ளைங்களே இருக்காங்களே ஏன்னு கேட்டாள். அதை வைத்துத்தான் நான்சி லாரிக் 1965இல் தன் கட்டுரையைத் தொடங்குகிறார். 1962 முதல் 1964 வரை வந்த 5,206 சிறுவர் நூல்களில் 349இல் மட்டுமே கறுப்பர் ஒருவராவது இருந்தார். நூற்றுக்கு ஏழுகூட இல்ல. நம்ம புத்தகங்களை இப்படி யாரு எண்ணப் போறாங்க?

அதற்கு முன்பே, 1956இல், க்வெண்டலின் புரூக்ஸ் 'பிரான்ஸ்வில் சிறுவர் சிறுமியர்' கவிதைகளை வெளியிட்டார். புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பர் இவர். பிரான்ஸ்வில் என்பது சிகாகோவின் கறுப்பினக் குடியிருப்பு. ஹார்லத்தில் பிறந்த ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டின் படங்களோடு 2007இல் அது மறுபடி வந்தது. நண்பர்கிட்ட இரவல் வாங்கிப் புள்ளைங்க முன்னாடி விரிச்சேன். ஆட்டோன்னு ஒரு பையன். கிறிஸ்துமஸுக்கு ஆசைப்பட்டது கிடைக்கல. அந்த வருத்தம் அப்பாவுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு மறைக்கிறான்.

நம்ம பேச்சுல சொன்னேன். முதல்ல படத்தைக் காட்டி "இன்னா தெரியுது?"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். வாத்தியார் புத்தி அர்த்தம் சொல்லத் துடிக்கும், அடக்கணும். எழுத்து தெரியாத புள்ளை கண்ணால படத்தைப் படிக்குது, காதால பாட்டைப் படிக்குது. ரெண்டும் சேர நேரம் வேணும். ஒரே பாட்டை நாலு நாள் சொல்லுங்க, அஞ்சாம் நாள் அதுங்களே சொல்லும். எங்க பையன் ஒருத்தன் ரொம்ப நேரம் கழிச்சு, "எனக்குந்தான் பொங்கலுக்குச் சட்டை எடுக்கல. நானும் அழுவல"ன்னான்.

அப்புறம் நாங்களே புத்தகம் செஞ்சோம். பழைய காலண்டர் தாளோட வெள்ளைப் பக்கம், அடுப்புக்கரி, கோணி ஊசி. புள்ளைங்க வரைஞ்சதுக்குக் கீழே அவங்க சொன்னதை அப்படியே எழுதினேன். அந்தப் பொண்ணு அம்மாவை வரைஞ்சா. கால் ரெண்டும் சேறு. "எங்கம்மா காலு கழனி வாசம்"னு சொன்னா. பார்த்த தோழர் ஒருத்தர் எதுகை மோனை இல்லையேன்னு இழுத்தார். ஒப்பாரி கட்டுற நம்ம கிழவிங்க யாப்பிலக்கணம் படிச்சுட்டா வந்தாங்க?

கைமாறிக் கைமாறி அந்தப் புத்தகம் கிழிஞ்சு போச்சு. ரெண்டாவது தைக்கிறோம். பழைய காலண்டர் வச்சிருக்கறவங்க அடுத்த முகாமுக்கு எடுத்துட்டு வாங்க.