திருப்புன்கூர்ப் பன்னிரு வேலி
(மகா கும்பாபிஷேக விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டவனுக்குக் கொடுத்துவிட்டு அவனிடம் ஒன்றைக் கேட்பது வாணிகம் அன்றோ என்று அன்பரொருவர் நேற்று என்னை வினவினார். விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வைத்தீசுவரன் கோயிலுக்கு அணித்தே உள்ள திருப்புன்கூருக்குப் போனால் போதும்.

அங்கே ஒருகால் மழை பொய்த்தது; வயலில் நீரில்லை. எங்களை உய்யக் கொண்டால் நிலம் தருவோம் என்று இறைவனிடம் ஊரார் பொருந்தினர். மழை பெய்தது, 12 வேலி கோயிலுக்காயிற்று. பெய்த மழையோ நிற்கவில்லை. பெருவெள்ளம் பரந்தது. மீண்டும் அவன் முன் வந்து நின்றனர். மழை ஓய்ந்தது, மேலும் 12 வேலி அவனுடையதாயிற்று. ஆக 24 வேலி, இன்றைய அளவில் ஏறத்தாழ 160 ஏக்கர்! நிலமுடைய பெரியவர்கள் சிலர் புன்னகைப்பது தெரிகிறது.

பெய்யவும் ஒரு விலை, நிற்கவும் ஒரு விலையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இச்செய்தியைத் தம் திருப்பதிகத்தில் வைத்துப் பாடிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தாம் அடைக்கலம் புகுந்ததற்குக் காரணங்களுள் ஒன்றாகவே சொல்கிறார். உலகில் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டால் பேச்சு முடிந்தது. திருப்புன்கூரிலோ உடன்படிக்கைக்குப் பிறகுதான் பேச்சே வளர்ந்தது. "கேட்டது நீங்கள்தாமே?" என்று அவன் கதவடைக்கவில்லை. நேற்று வேண்டியதை இன்று வேண்டாம் என்று சொல்ல அவர்களும் நாணவில்லை.

இந்த நிலை நமக்குப் புதிதன்று. 2018-ஆம் ஆண்டில் ஜூன் 12 கடந்தும் மேட்டூர் அணை திறக்கவில்லை, ஜூலையில்தான் திறந்தது. அதே ஆண்டு நவம்பர் 16-ல் கஜாப் புயல் கரையேறியது. தண்ணீர் தா என்று கேட்ட வாயே, போதும் நிறுத்து என்று கதறிற்று.

சுந்தரர் இத்தகைய உறவை அனுபவத்தில் அறிந்தவர். திருமணப் பந்தலில் ஆளோலை காட்டி வழக்காடி, திருவெண்ணெய்நல்லூர் அவையில் பாட்டனார் கையெழுத்தைச் சான்றாக்கி ஆட்கொள்ளப்பட்டவர். அடிமையென்று தீர்ப்பானபின் வாய் மூடிக் கிடந்தாரா? குண்டையூர் கிழார் தந்த நெல்மலையை ஆரூருக்குச் சுமக்க ஆள் வேண்டுமென்று திருக்கோளிலியில் கேட்டார். பூதங்கள் சுமந்தன.

வாக்குத் தவறியதும் அவரே. ஒற்றியூரில் மகிழ மரத்தடியில், பிரியேன் என்று சங்கிலியாருக்கு உறுதி கூறினார். ஆரூர் வசந்த விழாவின் நினைவு இழுக்க எல்லை கடந்தார். இரு கண்ணும் மறைந்தன. இங்கேதான் என் நெஞ்சம் நின்றுவிடுகிறது. பிழை தம்முடையதே என்பதை அவர் அறிவார். ஆயினும் பேசுவதை நிறுத்தவில்லை. தட்டுத் தடுமாறிக் காஞ்சியை அடைந்தபோது இடக்கண் கிடைத்தது. அது போதுமென்று அமையவும் இல்லை. ஆரூர் வந்து, மீளா அடிமைகள் வாடியிருக்க நீர் மட்டும் நன்றாயிரும் என்று, வாழ்த்துவதுபோல் வன்மையாகவே குத்திக் காட்டினார். தியாகேசன் சினக்கவில்லை, வலக்கண்ணையும் கொடுத்தான்.

என்னை வினவிய அன்பர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவர் நன்செய்யில் சென்ற பருவம் நீர் தேங்கிப் பயிர் அழுகியதை அறிவேன். கும்பத்து நீர் விமானத்தில் சொரிந்தாயிற்று, சந்நிதி திறந்திருக்கிறது. அவர் உள்ளே போய்க் கேட்கலாம்.