முப்பது நாள் உணவு நோன்பு



2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ஹோல் தர்ட்டி' என்றோர் உணவுமுறை தோன்றிற்று. முப்பது நாட்கள் சர்க்கரை, மது, தானியம், பருப்பு, பால் ஆகியவற்றை அறவே விலக்கவேண்டும். பின்னர் ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, உடலுக்கு ஒவ்வாதது எதுவென்று காணவேண்டும். சோறும் சாம்பாரும் தயிரும் போயின், நம் இலையில் கறிவேப்பிலைதானே மிஞ்சும்!

நாம் வாழும் இத்திருவனந்தபுரத்திலோ, கர்க்கடகம் பிறந்ததும் (நம் ஆடி மாதந்தான்) ஞவரை அரிசியும் வெந்தயமும் மூலிகைகளும் சேர்த்துக் கஞ்சி அருந்துவர். இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியதென்று மருத்துவர் எச்சரித்தமையால், அக்கஞ்சியையே இரவுணவாக்கி, அம்மாதம் முழுவதும் சர்க்கரை, மைதா, பொட்டலத் தின்பண்டம் மூன்றையும் விலக்கினேன். மருந்துண்போர் மருத்துவரைக் கேளாது இதில் இறங்கலாகாது.

பசி என்னை வருத்தவில்லை. மாலை நான்கு மணிக்குப் பசியே இல்லாதபோதும் முறுக்கு டப்பாவை நாடிய கைதான் வருத்திற்று. முதல் வாரம் இல்லத்தாரிடம் காரணமின்றிச் சினந்தேன். மூன்றாம் வாரம், மறதியாய்ச் சர்க்கரையிட்ட காப்பியை வாயில் வைத்தபோது திகட்டிற்று.

ஆவணியில் ஓணம் வந்தது. அடைப் பிரதமனை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன், மறைப்பானேன்? ஆயினும், மறுநாள் நான்கு மணிக்குக் கை டப்பாவை நாடவில்லை.