பாக்கு மட்டைத் தட்டும் என் அனுபவமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பாங்க் உத்தியோகம் முடிந்து, ஷிமோகா பக்கம் பாக்கு மட்டைத் தட்டு செய்து வருகிறேன். மட்டையை யாரும் வெட்டுவதில்லை. பழுத்துத் தானே விழும். கழுவி, ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு. பசையோ மெழுகோ கிடையாது. குப்பையில் போட்டால் மக்கி உரமாகிவிடும்.

சூட்சுமம் உலர்த்துவதில்தான். முதல் வருஷம் மலிவு என்று மழையில் நனைந்த மட்டையை வாங்கிவிட்டேன். உறவினர் வீட்டு உபநயனத்தில் கட்டைப் பிரித்தால் கறுப்பாகப் பூசணம்! அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பாக்கிலுள்ள அரிகோலின் போன்ற ரசாயனங்கள் தட்டிலிருந்து உணவில் கலக்கலாம் என்று 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஏற்றுமதிக்கு வைத்த சரக்கு அப்படியே நிற்கிறது. "இனிமே நம்மாத்துல இதுல சாப்பிடலாமா?" என்று அகத்துக்காரி கேட்டாள். பதில் வரவில்லை.

இப்போது விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஆர்டர் எடுக்கிறேன். பாதிப் பேர் வாழையிலைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். கரும்புச் சக்கைத் தட்டு செய்யலாமென்றால் சக்கையைக் கூழாக்க வேண்டும். என் சின்னக் கூடத்தில் நடக்காது. சர்க்கரை ஆலைப் பக்கம் இருக்கும் அங்கத்தினர் யாராவது சாப்பாட்டு வேளையில் என்னைப் பாருங்கள்.