ஆமென் நம் பங்கு

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் பாடகர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



"யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய வழிபாட்டில் கலை" என்று எங்களுக்குத் தலைப்புத் தந்தார்கள். கோபுரம், ஓவியம், சுரூபம் என்று விடிய விடியப் பேசலாம். நாளைக் காலை எல்லாருக்கும் வேலை இருக்கிறது. ஆகவே நாங்கள் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டோம். "ஆமென்."

அது எபிரேயச் சொல். "அப்படியே ஆகுக", "இது உறுதி" என்பது பொருள். யூதர் தொழுகைக்கூடத்தில் அச்சொல்லே ஒலிக்கிறது. பள்ளிவாசலில் அது "ஆமீன்". பாட்டுக்குப் பயிற்சி வேண்டும், ஓவியத்துக்குக் கை வேண்டும். ஆமென் சொல்ல எதுவும் வேண்டாம். வாய் திறந்தால் போதும். மூன்று சமயத்திலும் சாதாரண மக்களின் பங்கு அது.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நீங்கள் தந்த காணிக்கையில் கீபோர்டும் நான்கு மைக்கும் வாங்கினோம். ஒரு பொத்தானைத் தட்டினால் தபேலா, இன்னொன்றைத் தட்டினால் வயலின்! ஆனந்தமாய்ப் பாடினோம். ஓராண்டு கழித்து முன்வரிசையில் உட்காரும் பாட்டி ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, ஆமெனையும் நீங்களே பாடிக்கிறீங்க, நாங்க எதுக்கு வாறது?" எங்களுக்கு ரோஷம் வந்தது உண்மை. அடுத்த ஞாயிறு பாடும்போது மக்களைக் கவனித்தோம். உதடுகள் அசையவில்லை. கம்பெனியில் வேலை செய்துகொண்டே ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுக் கேட்போமே, அதுபோல் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனித் தலைப்புக்கு வருவோம். எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் பழங்காலத்தில் யூதருடைய மாபெரும் தொழுகைக்கூடம் ஒன்று இருந்தது. அதைப்பற்றித் தல்மூது என்னும் அவர்களுடைய நூல் கூறும் செய்தி நம் ஊருக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. கூடம் மிகப் பெரியது. நடுவே ஒரு மரமேடை. வாசிக்கிறவர் குரல் கடைசி வரிசைக்கு எட்டாது. மைக் ஏது? ஆகவே பணியாளர் ஒருவர் கையில் துணியோடு அம்மேடைமேல் நிற்பார். ஆமென் சொல்லவேண்டிய இடம் வந்ததும் துணியை வீசிக் காட்டுவார். உடனே கூட்டம் முழுதும் "ஆமென்" என்று முழங்குமாம். குரல் எட்டாத மனிதனுடைய ஆமெனும் வேண்டும் என்பதற்காக ஒரு துணி!

இன்னொன்றும் அந்நூல் சொல்கிறது. அங்கே மக்கள் கலந்து உட்காரவில்லையாம். பொற்கொல்லர் தனியே, வெள்ளி வேலைக்காரர் தனியே, கருமார் தனியே, நெசவாளர் தனியே அமர்வார்கள். ஊருக்குப் புதிதாய் வந்த ஏழை உள்ளே நுழைந்ததும் தன் தொழிலாளரைக் கண்டுகொண்டு அவர்களிடம் போவான். அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் அங்கே பிழைப்பு வழி கிடைக்கும். நம் கோவில் வேப்பமரத்தடியில் ஞாயிறு பூசை முடிந்ததும் நடப்பது வேறென்ன? "உங்க கம்பெனியில டெய்லர் எடுக்கறாங்களா?" "ஓவர்லாக் தெரியுமா, பேட்லாக்கா?" திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஒரு பையோடு வந்து இறங்கிய நம்மில் எத்தனைபேர் அந்த மரத்தடியில் வேலை தேடிக்கொண்டோம்!

அலெக்சாந்திரியாக் கூடம் இன்று இல்லை. அதன் சாயலைக் காண அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி. அங்கே மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி யூதக்கூடம் நிற்கிறது. சீனத்திலிருந்து வந்த, கையால் வண்ணம் தீட்டிய நீலநிற ஓடுகள் தரையெல்லாம். மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். கடவுளுக்கு உருவம் செய்யலாகாது என்ற கட்டளையால் படமோ சிலையோ கிடையாது. நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. வாசிக்கிறவர் மக்களுக்கு எதிரே நிற்பதில்லை, நடுவே நிற்கிறார். இவ்வளவு அழகும் இருந்தும், வயதுவந்த ஆண்கள் பத்துப்பேர் கூடாவிட்டால் அவர்கள் வழக்கப்படி முழுமையான பொதுத்தொழுகை நடவாது. 1948-க்குப் பின் கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இன்று எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. கட்டடம் இருக்கிறது, பார்க்க வருவோரும் இருக்கிறார்கள். ஆமென் சொல்லத்தான் ஆளில்லை.

பள்ளிவாசலிலும் உருவம் இல்லை. கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசல் கற்றூண்களைக் காண்பவர் நம் நாட்டுக் கோவில் மண்டபத்தை நினைப்பர். தெய்வ வடிவங்களுக்குப் பதில் பூ வேலையே இருக்கும். திருமறை ஓதுதலைக் கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அவர்கள் அதை இசை என்று சொல்வதில்லை. முதல் அதிகாரம் ஓதி முடிந்ததும் கூடியிருப்போர் "ஆமீன்" என்பர். இதில் ஒரு நுட்பம். கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபி நெறியினர். உரக்க ஓதும் தொழுகைகளில் உரக்கவே சொல்வர். உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி நெறியினர். தமக்குள் மெதுவாகச் சொல்வர். நம்மூர்ப் பள்ளிவாசலில் அந்தச் சொல் வெளியே கேட்காமல் போனால் அவர்கள் சொல்லவில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். நம் மௌனம் அந்த வகையா என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நம் திருச்சபை எப்படி இருந்தது? உரோமை நகரக் கோவில்களில் மக்கள் சொல்லும் ஆமென் வானத்து இடிபோல் முழங்கியதாகப் புனித எரோணிமுஸ் எழுதினார். அது நான்காம் நூற்றாண்டின் கடைசிக் காலம். பிறகு இலத்தீன் மக்களுக்குப் புரியாத மொழியாயிற்று; பாடகர் பாட மக்கள் செபமாலை உருட்டினார்கள். பத்தாம் பத்திநாதர் 1903-ல் திருவிசையைச் சீர்திருத்தியபோது பியானோவையும் மேளத்தையும் கோவிலுக்குள் தடுத்தார். எங்கள் கீபோர்டைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஆனால் அதே ஆணையில் மக்கள் மீண்டும் பாடவேண்டும் என்றும் விரும்பினார். 1963 டிசம்பர் 4-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம் தாய்மொழிக்கு வழி திறந்தது. மக்களின் பதில்மொழிகளையும் பாடல்களையும் ஊக்குவிக்கச் சொன்னது. அந்தந்த நாட்டு இசைமரபுக்கும் மதிப்புத் தந்தது. கட்டடக்கலையில் இதுதான் எம் பாணி என்று திருச்சபை எதையும் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை என்றும் அறிவித்தது. கூர்கோபுரம் இல்லாவிட்டால் அது கோவிலே அல்ல என்று கட்டடக் குழுவில் வாதாடும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே பாடகர் குழு கூடிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். வரும் ஞாயிறு முதல், குருவானவர் நற்கருணை மன்றாட்டின் முடிவில் கிண்ணத்தையும் தட்டையும் உயர்த்தும்போது எங்கள் மைக்குகளை அணைத்துவிடுவோம். கீபோர்டும் பேசாது. முதல் சில வாரம் பெரிய அமைதியாகவே இருக்கும். இருக்கட்டும், நாங்கள் காத்திருப்போம்.

மற்றொன்று. கடைசி இரண்டு வரிசைகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் உட்காருகிறார்கள். நிட்டிங்கிலும் செக்கிங்கிலும் வேலை. நம் தமிழ்ப் பூசையில் அவர்களுக்குத் தெரிந்த சொற்கள் ஆமெனும் அல்லேலூயாவும்தான். அவர்கள் குடியிருக்கும் அறையில் மாந்தர் என்னும் மத்தளம் ஒன்று இருக்கிறதாம். பொன்விழாத் திருப்பலியில் காணிக்கைப் பாடலை அவர்களே தம் மொழியில் பாட, பங்குத்தந்தை இசைந்திருக்கிறார். ஒத்திகை சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, ஷிப்ட் விட்ட பிறகு. அவர்களோடு உட்காரப் பத்துப்பேராவது வாருங்கள். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.