எல்லைச் சாலையில் வாடகையும் உழைப்பும்



ஒட்டன்சத்திரத்துக் காய்கறி பாலக்காடு வழியாகவும், கம்பம் பள்ளத்தாக்கின் விளைபொருள் குமுளி, கம்பம்மெட்டு மலைச்சாலைகள் வழியாகவும் கேரளம் சேர்கின்றன. இவற்றை ஏற்றும் லாரிகள் பல, அன்றன்று புக்கிங் ஆபீசில் பேசி முடிக்கும் வாடகையிலேயே ஓடுகின்றன. லோடு மிகுந்தால் வாடகை ஏறும். வண்டி மிகுந்தால் விழும்.

இச்சந்தை இரு தரப்புக்கும் பொதுவானதெனத் தோன்றும். உண்மை வேறு. பெருநிறுவனம் ஆண்டு ஒப்பந்தத்தால் தன் செலவை உறுதி செய்துகொள்ளும். ஒற்றை லாரி உடையவருக்கோ கடன் தவணை காத்திருப்பதில்லை. கேரளத்தில் சரக்கிறக்கிய வண்டிக்குத் திரும்பு லோடு எளிதில் கிடைப்பதுமில்லை. வெறுமனே திரும்பினாலும் டீசல் எரியும். எனவே கட்டுப்படியாகாத வாடகைக்கும் அவர் இணங்குகிறார். அதிலும் புரோக்கர் கமிஷன் கழிகிறது.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மோடி அரசு நீக்கியது. விலையேற்றத்தின் சுமை பேரம் பேச வலுவற்றவர் தலையிலேயே விழுகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வாளையார் வரிச்சோதனைச் சாவடி மூடப்பட்டது. காத்திருப்பு குறைந்தது, மிச்சமான நேரம் ஓட்டுநருக்கு ஓய்வாகும் என்ற உத்தரவாதம் மட்டும் இல்லை.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எட்டு மணி நேர வேலையை வரையறுத்தது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒற்றை லாரியின் ஓட்டுநர் அதற்கு வெளியே நின்றார்.

டீசல் விலையோடு இணைந்த குறைந்தபட்ச வாடகை, எல்லா ஓட்டுநருக்கும் வேலைநேர வரம்பு, மலைச்சாலை அடிவாரங்களில் ஓய்விடம்: இவையே கோரிக்கைகள். ஓட்டுநரும் சிறு உடைமையாளரும் சுமைப்பணித் தொழிலாளரும் எல்லையின் இருபுறமும் ஒன்றுபட்டால்தான் இவை வெல்லும்.