பனிக்கட்டிப் பொறியின் குரல்



1833ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறிய பனிக்கட்டி, ஏறக்குறைய நான்கு மாத காலம் கடல்மேல் வந்து கல்கத்தாவை அடைந்தது. குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டி அது. அவ்வணிகத்திற்கெனச் சென்னைக் கடற்கரையிலும் ஒரு கட்டடம் எழுந்தது. 'ஐஸ் ஹவுஸ்' என்று அப்பகுதிக்கு வழங்கும் பெயர் அதனால் வந்ததே. இன்றோ, சமையல் மேடையின் மூலையில் அமர்ந்த ஒரு சிறு பெட்டி, சில நிமிஷங்களில் பனிக்கட்டியை ஆக்கித் தந்துவிடுகிறது. அப்பெட்டி ஒருநாள் பெருங்கூச்சலிடத் தொடங்கினால் நாம் செய்யத்தக்கது யாது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் அப்பொறி வேலை செய்யும் முறையை அறிவோம். அடியிலுள்ள தொட்டி நீரை ஒரு சிறு பம்பு மேலேற்றி ஒரு தட்டில் நிரப்புகிறது. அந்நீரில் விரல்கள் போன்ற உலோகக் குழாய்கள் தோய்ந்து நிற்கின்றன. கம்பிரஸர் என்னும் பொறி, குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சுழலவிட, விரல்கள் குளிர்ந்து, அவற்றைச் சுற்றி நீர் உறைகிறது. வாயு சுமந்துவரும் வெப்பத்தை ஒரு விசிறி வெளியே தள்ளுகிறது. கட்டி பருத்ததும் ஒரு வால்வு திறந்து, சூடான வாயு விரல்களுக்குள் பாய்கிறது. கட்டிகள் நெகிழ்ந்து விழுகின்றன. ஒரு தள்ளுகோல் அவற்றைக் கூடையில் சேர்க்கிறது.

ஆகவே இப்பொறி முற்றிலும் ஊமையாக இருத்தல் இயலாது. கம்பிரஸரின் ரீங்காரம், வாயு பாயும் 'உஸ்' என்னும் ஒலி, கட்டி விழும் 'கடகட' ஓசை ஆகியவை நலத்தின் அறிகுறிகளே. நேற்று இல்லாத ஓசை இன்று எழுமானால், அதனையே நாம் ஆராய வேண்டும்.

1816ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் லெனெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இன்றைய ஸ்டெதாஸ்கோப்பு அதிலிருந்தே பிறந்தது. உடலைக் கீறாமலே உள்ளிருப்பதை அறியச் செவி அவருக்குத் துணை செய்தது. பொறிக்கும் அம்முறையே ஏற்றது. திருப்புளியைக் கையில் எடுக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். ஓசை எப்பொழுது எழுகிறது? எப்பக்கத்திலிருந்து வருகிறது? எதைச் செய்தால் மாறுகிறது?

நான் நேரில் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். அண்டை வீட்டு அம்மையார் ஒருவரின் பொறி 'கரகர'வென்று இரையத் தொடங்கிற்று. கம்பிரஸர் கெட்டுவிட்டது, புதிதாக ஒன்று வாங்குவதே மேல் என்று பழுதுபார்ப்பவர் ஒருவர் சொல்லிப் போனார். அம்மையாரோ, ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவர். நாங்கள் இருவரும் கடிகாரத்தை முன்வைத்துக்கொண்டு செவிமடுத்தோம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும், தட்டில் நீர் நிரம்பும் சிறிது நேரமே கூச்சல் இருந்தது, பின்பு அடங்கிற்று. கம்பிரஸரோ இடைவிடாது ஓடிக்கொண்டிருந்தது. கம்பிரஸர்தான் குற்றவாளி எனில், அது ஓடும் நேரமெல்லாம் ஓசை இருக்க வேண்டுமன்றோ? அந்நேரத்தில் மட்டும் இயங்குவது பம்பு. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீர், பம்பின் வாயிலில் வெண்மையாகப் படிந்திருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றிப் படிவை நீக்கி, நல்ல நீரால் இருமுறை அலசினோம். கூச்சல் நின்றது. புதுப் பொறியின் விலை மிச்சமாயிற்று.

மற்றக் காரணங்களும் எளியனவே. மேடை சமமாக இல்லாவிடில் பெட்டி முழுவதும் அதிரும்; கையால் சற்றே அழுத்தினால் ஓசை குறைவது அதற்கு அடையாளம். தொட்டியில் நீர் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சி இரையும். 'டக் டக்' என்று சீராக ஒலித்தால் விசிறியின் இலை ஏதோவொன்றில் இடிக்கிறது என்று ஐயுறலாம். பெட்டி சுவரை ஒட்டி நின்றால், சுவரும் சேர்ந்து முழங்கும், காற்றோட்டமும் குன்றும்.

இனி எச்சரிக்கை ஒன்று. மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. இக்காலத்துச் சிறு பொறிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் என்னும் வாயு தீப்பற்றக் கூடியது. வாயுக் குழாய்களை வளைத்தலும் அறுத்தலும் ஒருகாலும் கூடாது. நீர் நிரம்பும் நேரத்திலன்றிச் சுற்று முழுவதும் கம்பிரஸரே இரைந்தால், அல்லது கருகும் வாடை வந்தால், பயிற்சி பெற்றவரை அழைப்பதே அறிவுடைமை. எங்கே நிறுத்திக்கொள்வது என்று அறிதலும் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியே.

நண்பர்களே, பழுதான பொருளை எறிந்துவிடுதல் எளிது. எனினும், பொறுமையோடு கேட்டு, காரணத்தை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதைச் சோதித்துப் பார்த்தல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பயிலும் அதே அறிவியல் முறையாகும். அம்முறை சமையலறையிலும் பயன்படுமானால், கற்ற கல்வி வீட்டிற்கும் உதவியது எனலாம்.